பிரான்ஸில் கேம்பர்வேன் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

பிரான்ஸில் கேம்பர்வேன் (படுக்கை, கழிப்பறையோடு உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) எடுக்கப் போகிறவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கம்பெனியிடம் இதைக் கேளுங்கள்: வண்டியைத் திருப்பித் தரும்போது உங்கள் ஆள் கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாரா? "சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். எங்களிடம் 1,640 யூரோ பிடித்தது அந்தப் பெட்டியை வைத்துத்தான்.

வண்டி எடுத்தது வடக்கு பிரான்ஸில், ருவான் நகரின் புறநகரில். டெபாசிட் 2,000 யூரோ, கார்டில். அங்கிருந்த பையன் வண்டியைச் சுற்றி வந்து கதவிலும் பம்பரிலும் இருந்த கீறல்களையெல்லாம் தாளில் குறித்தான். கூரையைப் பார்க்க ஏணி கேட்டேன். இல்லை என்றான். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

பயணம் அருமையாகத்தான் போனது. ஓன்ஃப்ளரில் தொடங்கி, எத்ரெத்தா, ஃபெக்கான் என்று கடற்கரை ஊர்கள் வழியாக, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்தபடி கிழக்கே வந்தோம். கடைசி நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. சென்-வலேரி-ஆன்-கோ என்ற ஊரில் தங்கிய இரவு, படுக்கைக்கு மேலே இருக்கும் கூரை ஜன்னலின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. குழந்தைகளை முன் சீட்டுக்கு மாற்றிவிட்டு, படமெடுத்துக் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மூச்சுக்காற்றின் ஈரம்தான், துணி வையுங்கள்" என்று காலையில் பதில் வந்தது. மூச்சுக்காற்றில் ஒரு பாத்திரம் நிறையுமா, என்ன?

திருப்பித் தர வேண்டியது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. தியெப்பில் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து, கழுவி, டீசல் நிரப்பி, நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். கேட் பூட்டியிருந்தது. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி மட்டும் வந்தது: சாவியைப் பெட்டியில் போடுங்கள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்கோ இரவு ரயில்.

புதன்கிழமை மெயில் வந்தது. கூரை ஜன்னலில் விரிசலாம், கார் நிறுத்தத்தின் உயரக் கம்பியில் நாங்கள் இடித்திருக்கிறோமாம், அதற்கு 1,400 யூரோ. கழிப்பறையைச் சுத்தம் செய்ய 240. அந்தக் கடற்கரையில் பல நிறுத்தங்களில் உயரமான வண்டிகள் நுழையாமலிருக்க இரண்டு மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி இருப்பது உண்மைதான். அதனாலேயே நாங்கள் ஒன்றிலும் நுழையவில்லை. இடித்தால் வண்டியின் முன்புறக் கூரையில் அடிபட்டிருக்கும், பின்னால் இருக்கும் ஜன்னல் மட்டும் தனியாக எப்படி உடையும்?

கூரையை அவர்கள் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. கூடுதல் பணம் கட்டி எடுக்கும் காப்பீட்டில்கூட வண்டியின் மேல்பகுதியும் அடிப்பகுதியும் பெரும்பாலும் சேராது. அங்கே சேதம் என்றால் டெபாசிட்டிலேயே நேராகக் கை வைக்கலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அவர்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது என் மனைவி. விரிசலின் மேல் பழைய பசை, மஞ்சளாகிக் காய்ந்து கிடந்தது. அதையும், சொட்டிய இரவின் வாட்ஸ்அப்பையும், "துணி வையுங்கள்" என்ற அவர்களுடைய பதிலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அப்புறம்தான் 1,400 திரும்பி வந்தது. மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை.

240 யூரோ இன்னும் அவர்களிடம்தான். பிரான்ஸில் ஒவ்வொரு வியாபாரியும் வாடிக்கையாளர் தகராறுக்கு ஒரு மத்தியஸ்தரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் ஒப்பந்தத்திலோ இணையதளத்திலோ இருக்கும், நமக்குச் செலவில்லை. ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அதிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் போயிருக்கிறோம். அரசின் நுகர்வோர் புகார்த் தளமான 'சிக்னல்கான்சோ'விலும் பதிந்தாயிற்று. அது பணத்தை வாங்கித் தராது, ஆனால் புகார் முறைகேடு தடுப்புத் துறையின் கண்ணில் படும். மத்தியஸ்தரின் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.