பார்தகாஸ் ஷார்ட்ஸ்: அரை மணி நேரச் சுருட்டு

பார்தகாஸ் ஷார்ட்ஸை முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் 'இவ்வளவுதானா?' என்றுதான் கேட்பார்கள். நீளம் 110 மில்லிமீட்டர், ரிங் கேஜ் 42. ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்துச் சொல்லும் கணக்கு அது. குறுக்களவு பதினேழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் இந்த அளவுக்கு மினுத்தோ என்று பெயர். மொட்டை மாடியில் நான் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மாமனார், "என்ன மாப்பிள்ளை, பாதிச் சுருட்டைத்தான் கொடுத்தார்களா?" என்று கேட்டார். விலையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண் கொடுத்ததைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்திருப்பார்.

சில ஆண்டுகளாக இதை வாங்கி வைத்துப் பிடித்துவருபவன் என்ற முறையில் என் கருத்து இது: சுருட்டு சிறியதாக ஆக ஆக, பிடிப்பவரிடம் அது காட்டும் கறார் கூடுகிறது. பெரிய சுருட்டில் ஆரம்பத்தில் அவசரப்பட்டு இழுத்தாலும் சூடு தணிந்து சுவை திரும்ப அவகாசம் உண்டு. இதன் மொத்த ஆயுளே முப்பத்தைந்து, நாற்பது நிமிடம்தான். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற வேகத்தைத் தாண்டினால் மெல்லிய உடல் உடனே சூடேறி, புகையில் கசப்பு ஏறிவிடும். ஏறிய கசப்பு இறங்குவதில்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டே பிடிக்க இது ஏற்றதல்ல. கடற்காற்று வீசும் மாலையில் திறந்த மாடியும் ஏற்றதல்ல. நாம் இழுக்காவிட்டாலும் காற்று இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் மறைவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு இதன் முழுச் சுவையும் கிடைத்தது.

சிறியது என்பதால் தரத்திலும் ஒரு படி கீழே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1962 பிப்ரவரியில் கியூபா மீது வணிகத் தடை விதிக்கும் ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன், அமெரிக்க அதிபர் கென்னடி தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரை அழைத்து ஆயிரம் சுருட்டு வேண்டும் என்றார். சாலிஞ்சர் 1,200 சேர்த்துக் கொடுத்த பிறகே கையெழுத்து விழுந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். கென்னடி கேட்டது எச். அப்மனின் பெட்டி அப்மன் என்ற சின்னச் சுருட்டை. எதை வேண்டுமானாலும் வரவழைக்கக்கூடிய நிலையில் இருந்த மனிதர் அவர்!

பார்தகாஸ் 1845-இல் ஹவானாவில் தொடங்கிய பெயர். தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்கும் வழக்கம் 1865 வாக்கில் அந்த ஊர் ஆலைகளில்தான் வேர்விட்டது. வாசிப்பவருக்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து பங்கு போட்டுக் கொடுத்தார்கள். சுவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் சுருட்டைக் கையில் உருட்டும்போது எனக்கு அந்த வாசிப்புக் கூடம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

கியூபாக்காரர்கள் உள்ளே வைக்கும் இலையை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். எளிதில் எரிவது வொலாதோ, மணம் தருவது செக்கோ, செடியின் உச்சியில் வெயிலை வாங்கித் தடித்த இலை லிகேரோ. காரம் அதிலிருந்துதான் வருகிறது. மெலிந்த சுருட்டில் லிகேரோவுக்கு இடம் குறைவு. இருந்தும் ஷார்ட்ஸ் அளவுக்கு மீறிய வீரியத்தோடு இருக்கிறது. முதல் சில இழுப்புகளில் மிளகுக் காரம் நாக்கின் ஓரத்தைத் தொடும். நடுப்பகுதியில் வறுத்த காப்பிக்கொட்டையும் ஈர மண்ணும் தோலும் கலந்த ஒரு சுவை, அடியில் மெல்லிய இனிப்பு. காசு கொடுப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான். கடைசி ஒன்றரை அங்குலம் எனக்குப் பெரும்பாலும் வேண்டியிருப்பதில்லை, வைத்துவிடுகிறேன். விரல் சுடும் வரை பிடிப்பதை வீரமாகக் கருதுபவர்களோடு எனக்கு வழக்கில்லை.

வெறும் வயிற்றில் தொடக்கூடாது. நிகோடின் தலைக்கேறினால் வியர்த்து, குமட்டி, உலகம் சுற்றும். சாப்பிட்ட பின் பிடிப்பதும், பக்கத்தில் சர்க்கரை போட்ட காப்பி இருப்பதும் நல்லது. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குப் புகை நுரையீரல் வரை போக வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் பிடிக்கிறேன். யாருக்கும் இதைத் தொடங்கிவைத்ததில்லை. தொடங்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சென்னையில் இதை வாங்குவதைவிடக் காப்பாற்றுவது கடினம். வெளிநாட்டு நூல்களில் காய்ந்துபோவதைப் பற்றியே எச்சரிப்பார்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் சுருட்டு நீரைக் குடித்து உப்பிவிடும். பற்றவைத்தால் ஒரு பக்கமாகவே எரியும், பாதியில் அணையும், மேலுறை இலை வெடிக்கும். சுருட்டின் ஈரப்பதம் காக்க மரத்தால் செய்த அழகான பெட்டி, ஹியூமிடார், நம் ஊரில் எனக்கு உதவவில்லை. ரப்பர் பட்டி வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பை, அவ்வளவு போதும். மூடியைத் தினமும் திறந்து முகராமல் இருந்தால் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்.

வெப்பம் இன்னொரு தொல்லை. புகையிலை வண்டின் முட்டை இலையிலேயே ஒளிந்திருக்கலாம். 25 டிகிரியைத் தாண்டும் அறையில் அது பொரிந்தால் ஊசி முனை அளவுத் துளைகளும் அடியில் மாவுபோல் தூளும் தெரியும். அதன்பின் பக்கத்துச் சுருட்டுகளுக்கும் நாள் குறித்தாயிற்று. அதனால் புதிதாக எது வந்தாலும் காற்றுப்புகாத பையில் கட்டி உறைபெட்டியில் மூன்று நாள், பிறகு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன்பிறகே டப்பாவுக்கு. அவசரப்பட்டு நேரே வெளியே எடுத்தால் மேலுறை விரிசல் விடும். மீன் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் வீட்டில் உறைபெட்டியின் உரிமை யாருடையது என்பதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

புதுப் பெட்டியைத் திறந்ததும் அமோனியா நெடி வந்தால் மூடி வைத்துவிடுங்கள். ஓராண்டு உறங்கியதும் காரம் மட்டுப்பட்டு இனிப்பு மேலே வரும். பெட்டியின் அடியில் ஆலைக் குறியீட்டோடு மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால் வயதைக் கணக்கிட முடியும். கையால் சுருட்டப்படுவது எதுவாக இருந்தாலும் சில மட்டும் புகை விட மறுக்கும். மெல்லிய அளவுகளில் அது இன்னும் அதிகம். முனையை வெட்டியதும், பற்றவைக்கும் முன் ஒருமுறை வெறுமனே இழுத்துப் பாருங்கள். அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் நடுவில் துளைக்கலாம். வெட்டும்போது, வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் தொப்பியின் நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே போதும். திருச்சிச் சுருட்டு பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை வேடிக்கையாக இருக்கும். அது இரு முனையும் திறந்தே வருவது. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாடை கடைசி வரை போகாது. தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியட்டும்.

கிட்டத்தட்ட இதே அளவில் மொந்தேகிரிஸ்தோ நம்பர் 5 என்ற இன்னொரு கியூபச் சுருட்டையும் வைத்திருக்கிறேன். அது 102 மில்லிமீட்டர், 40 ரிங், இன்னும் சாது. காலைக் காப்பிக்குப் பின் அது பொருந்தும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மறுநாள் விடுமுறை என்றால், ஷார்ட்ஸ்தான். இறக்குமதி வரியோடு சேர்த்து விலை இன்னும் ஏறினால் 50 சுருட்டுப் பெட்டியை விட்டுவிட்டு 25-க்கு இறங்கிவிடுவேன். மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று பிடிப்பவனுக்கு அதுவே தாராளம்.