புரோகிரியேட் செயலி: சம்பள வேலையிலிருந்து ஓவியத் தொழிலுக்கு மாறுகிறவரின் பார்வையில்

புரோகிரியேட், ஐபேடுக்கென்றே உருவாக்கப்பட்ட ஓவியச் செயலி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் நகரைச் சேர்ந்த சாவேஜ் இன்டராக்டிவ் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் இதை வெளியிட்டது; 2013இல் ஆப்பிளின் வடிவமைப்பு விருது இதற்குக் கிடைத்தது. இதன் தூரிகைகளின் நயத்தையும் வண்ணங்களைக் கையாளும் வசதியையும் பற்றிப் பலர் விரிவாக எழுதிவிட்டார்கள். மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே, குழந்தைகள் நூல்களுக்குப் படம் வரையும் தொழிலுக்கு மாறிக்கொண்டிருக்கும் எனக்கு, இந்தச் செயலியின் மதிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அலுவலகமும் குடும்பமும் போக மிஞ்சுகிற நேரத்தை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளவும், ‘இது நமக்கு வருமா?’ என்று மனம் கேட்கும்போது அதன் முன் ஓர் ஆதாரத்தை எடுத்து வைக்கவும் இது உதவுகிறது. அந்த இரண்டைப் பற்றியே இந்த மதிப்புரையில் அதிகம் பேசப்போகிறேன்.

மொரீஷியஸில் ஒருவர் நிரந்தர வேலையை விடுகிறார் என்றால், மாதச் சம்பளத்தோடு சட்டப்படி கிடைக்கும் ஆண்டிறுதி போனஸையும் சேர்த்தே விடுகிறார். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் டியூஷன் கட்டணமும் உள்ளவர்களால் ஒரே நாளில் அப்படி வெளியேற முடியாது. எனவே பெரும்பாலோருக்குத் தொழில் மாற்றம் என்பது பழைய வேலையில் இருந்துகொண்டே, விடியற்காலையிலும் இரவிலும் பயணத்திலும் கிடைக்கும் துண்டு துண்டான நேரத்தில்தான் நடக்கிறது. அந்தத் துண்டு நேரத்துக்குக் காகிதமும் நீர்வண்ணமும் பொருந்துவதில்லை. பரப்பி வைக்கவும் காயவைக்கவும் திரும்ப எடுத்து அடுக்கவுமே பாதி நேரம் போய்விடும். புரோகிரியேட்டில் படம் தானாகவே சேமிக்கப்படுவதால், முந்தைய இரவு எந்த நிலையில் விட்டோமோ அதே நிலையில் மறுநாள் திறந்துகொள்ளலாம். 2022ஆம் ஆண்டு முதல் கியூர்பிப் வரை ஓடும் மெட்ரோவில் இருக்கை கிடைத்துவிட்டால், கத்ர் போர்ன், ரோஸ் ஹில் வழியாகத் தலைநகரம் வந்து சேர்வதற்குள் ஒரு பக்கத்தின் மாதிரிக் கோடுகளை முடித்துவிட முடிகிறது. நுணுக்கமான வேலையை ஓடும் வண்டியில் செய்யக் கூடாது. தட்டை வண்ணம் நிரப்புவதற்கும் படத்தின் பகுதிகளைத் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளை ஒழுங்குபடுத்துவதற்கும் அந்தப் பயணம் போதும்.

வரைவதற்கு இணைய இணைப்பு தேவையில்லை என்பதும் இத்தீவில் சிறிய விஷயமன்று. மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டால் அலுவலகங்கள் மூடப்பட்டு அனைவரும் வீட்டிலிருக்கும் நேரம் நமக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் மின்சாரமும் இணையமும் அறுந்துபோகின்றன. முன்கூட்டியே மின்னேற்றி வைத்த ஐபேட் ஒன்றிருந்தால் வேலை நிற்பதில்லை.

இனி, என்னைப் பொறுத்தவரை இச்செயலியில் மிகவும் மதிக்கத்தக்க, ஆனால் பலரும் திறந்துகூடப் பார்க்காத பகுதிக்கு வருகிறேன். ஸ்பேனர் உருவம் கொண்ட பொத்தானைத் தொட்டு, கேன்வாஸ் பகுதிக்குள் சென்று, படத்தைப் பற்றிய தகவலைத் திறந்தால், அந்தப் படத்தில் இதுவரை எத்தனை கோடுகள் போடப்பட்டுள்ளன, எவ்வளவு நேரம் செலவிடப்பட்டுள்ளது என்ற இரண்டு எண்களும் அங்கே இருக்கும். யாரும் ஓட்டிவிட வேண்டிய கடிகாரமில்லை. வரைய வரையத் தானே பதிவாகும் கணக்கு அது.

இந்த எண்ணின் அருமை, வேலைக்கு நாள் குறிக்கும்போது தெரியும். ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று மனிதர்கள் கணிக்கும்போது வழக்கமாகக் குறைத்தே கணிக்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்கள். எதிரிலுள்ள வேலையை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். அதே போன்ற முந்தைய வேலைகள் உண்மையில் எவ்வளவு காலம் பிடித்தன என்று பார்ப்பதில்லை. புரோகிரியேட்டில் முடித்த ஒவ்வொரு படமும் தன் நேரத்தைத் தன்னுடனேயே வைத்திருப்பதால், அப்படிப் பார்ப்பது எளிதாகிவிடுகிறது. இரு பக்கங்களில் விரியும் திருவிழாக் காட்சி ஒன்றுக்கு நாள் கேட்கப்பட்டால், ஏற்கெனவே வரைந்த அதே அளவுப் படங்களைத் திறந்து, அவற்றின் நேரத்தைச் சராசரியாக்கி, வாரத்தில் எனக்கு உண்மையாகவே கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்து விடை சொல்கிறேன். பகல் முழுவதும் கணக்கெழுதுகிறவனுக்கு இது இயல்பாக வருகிறது என்றாலும், கணக்கே பிடிக்காத ஓவியர்களுக்குத்தான் இது இன்னும் அதிகமாகப் பயன்படும் என்பது என் கருத்து. தேதி தவறுவது குறைந்தால், தன்னைப் பற்றிய சந்தேகமும் பாதி குறைகிறது. நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டு, திறமையில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் இளம் ஓவியர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து விலை சொல்லிவிடக் கூடாது. கதையைப் படித்துப் புரிந்துகொண்ட நேரம், காகிதத்தில் கிறுக்கிப் பார்த்த நேரம், திருத்தங்களுக்காக எழுத்தாளரோடு தொலைபேசியில் பேசிய நேரம் ஆகிய எதுவும் செயலிக்குத் தெரியாது. அவையும் உழைப்புதான், சில வேலைகளில் வரையும் நேரத்தைவிட அவையே அதிகம். அவற்றுக்குத் தனியே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும். வெவ்வேறு படங்களின் நேரத்தைக் கூட்டி வாரக் கணக்காகக் காட்டும் வசதி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு படமாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தன்னையே சந்தேகிக்கும் மனத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தகுதியில்லாமலேயே இந்த இடத்துக்கு வந்துவிட்டோம், ஒரு நாள் எல்லாரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்னும் அச்சத்தைப் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்னும் உளவியலாளர்கள் 1978இல் ஆராய்ந்து எழுதினார்கள். வெற்றிக்கான சான்றுகள் கண்ணெதிரே இருந்தும் அந்த அச்சம் போவதில்லை என்பதே அவர்கள் கண்டவற்றுள் முக்கியமானது. பாராட்டு வந்தால் அதிர்ஷ்டம் என்கிறது மனம்; வேலை கிடைத்தால் தெரிந்தவர் சிபாரிசு என்கிறது. நடுவயதில் தொழில் மாறுகிறவருக்கு இது இரட்டிப்பாகிறது. நுண்கலைப் பட்டம் இல்லை, மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் நுண்கலைப் பள்ளியில் இளமையிலேயே பயின்று வந்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும், “கைநிறையச் சம்பளம் வருகிறபோது இது எதற்குத் தம்பி?” என்று உண்மையான அக்கறையோடு கேட்கும் பெரியம்மாக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த அச்சத்துக்கு முன் வெற்றியை ஆதாரமாக வைத்தால் மனம் அதைத் தள்ளிவிடுகிறது. உழைப்பை ஆதாரமாக வைத்தால் தள்ளிவிடுவது அத்தனை எளிதன்று. சித்திரமும் கைப்பழக்கம் என்பதை நம்மில் கேளாதவர் இல்லை. அந்தப் பழக்கம் எங்கே, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் காணத்தான் வழியில்லாமல் இருந்தது. புரோகிரியேட் ஒவ்வொரு படமும் உருவாகும் விதத்தைக் காணொளியாகப் பதிந்து வைக்கிறது. முழு நீளமாகவோ முப்பது நொடிகளாகச் சுருக்கியோ அதை வெளியே எடுக்கலாம். கோர் து கார்ட் மலையடிவாரத்தில் தைப்பூசக் காவடி செல்லும் காட்சியை நான் வரைந்தபோது, முடிந்த படத்தைப் பார்த்த எனக்கு அதன் குறைகள் மட்டுமே தெரிந்தன. காணொளியை ஓட்டியபோது வேறு விஷயங்கள் தெரிந்தன: காவடியின் வளைவு சரியாக அமையும்வரை மீண்டும் மீண்டும் வரையப்பட்டது, கூட்டத்தில் இருந்த முகங்கள் மூன்று இடங்களுக்கு நகர்த்தப்பட்டது, மஞ்சள் ஆடைகள் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி பின்னணி மலை படிப்படியாக நீலமாக்கப்பட்டது. அவை தற்செயலாக நடந்தவையல்ல. ஒவ்வொன்றும் நான் எடுத்த முடிவு. முடிவெடுக்கத் தெரிந்தவனைப் போலி என்று சொல்ல மனத்துக்குக் கூச்சம் வருகிறது. பார்த்து வரைவதற்காகப் பயன்படுத்தும் புகைப்படம் அந்தக் காணொளியில் வந்துவிடாதபடி தனிப்பட்டதாகச் சேர்க்கும் வசதியும் உண்டு. இந்தப் பதிவு ஓவியருக்குச் சான்றிதழாகவும் பயன்படுகிறது. இயந்திரம் உருவாக்கிய படமா என்று வேலை தருபவர் ஐயுற்றால் காட்டுவதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இதே செயலி சந்தேகத்துக்குத் தீனி போடும் இடங்களும் உள்ளன. இரண்டு விரல்களால் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். இப்படி 250 செயல்கள் வரை பின்னே போகலாம். நேரம் மிகக் குறைவாக உள்ளவருக்கு இது பெரும் அபாயம். தன்னம்பிக்கை தளர்ந்திருக்கும் இரவில், ஒரே மூக்கின் கோட்டைப் போடுவதும் எடுப்பதுமாக முழு நேரமும் கரைந்துவிடும். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் வகுத்த பொமடோரோ முறைப்படி இருபத்தைந்து நிமிடம் வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் கோடு எதையும் திரும்பப் பெறுவதில்லை என்ற விதியோடு வரைவதே நான் பரிந்துரைக்கும் மருந்து. தூரிகைகள் இன்னொரு பொறி. செயலியோடு வருபவையே தேவைக்கு மேல் இருக்க, இணையத்தில் விற்கும் தொகுப்புகளை வாங்கிச் சேர்ப்பது வரைவதைத் தள்ளிப்போடும் வழியாகிவிடுகிறது. ஒரு நூல் முழுவதற்கும் நான்கைந்து தூரிகைகள் போதும்.

அச்சுக்குப் போகும் வேலை செய்பவர்கள் தொடக்கத்திலேயே சிலவற்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அடர்த்தியில் ஏ4 பக்கம் என்பது 2480க்கு 3508 பிக்சல். கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாகக் கிடைக்கும் அடுக்குகளின் எண்ணிக்கை குறையும். ஐபேடின் ரேம் நினைவகமே அதைத் தீர்மானிக்கிறது. அச்சுக்குரிய சிஎம்ஒய்கே வண்ண முறை வேண்டுமென்றால் கேன்வாஸை உருவாக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பாதியில் மாற்ற இயலாது. தமிழ் எழுத்துகளைக் கையால் வரைகிறவர்களுக்குக் கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி நல்ல துணை. ‘ழ’கரத்தின் சுழிப்பும் ‘ஞ’கரத்தின் வளைவும் முதல் முயற்சியிலேயே ஒழுங்காக விழுகின்றன. அளவுக்கு மீறி வைத்தால் எழுத்து உயிரிழந்து கம்பி போலாகிவிடும் என்பதால் பாதிக்குக் கீழே வைப்பது நல்லது. நீண்ட கதைப் பகுதிகளைப் பக்கத்தில் அமைக்க இது ஏற்ற கருவியன்று; அதற்குப் பக்க வடிவமைப்பு மென்பொருள் தனியே வேண்டும்.

கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய குறை ஒன்றுண்டு. படங்கள் ஐபேடிலேயே இருக்கின்றன. செயலியை நீக்கினால் அத்தனையும் அதனுடன் போய்விடும். வாரம் ஒரு முறையாவது கோப்புகளை வெளி வட்டிலோ மேகச் சேமிப்பிலோ நகலெடுத்து வைப்பதை அலுவலக ஒழுங்கைப் போலக் கடைப்பிடிக்க வேண்டும். மூலக் கோப்பாகவே நகலெடுங்கள். சாதாரணப் படமாக மட்டும் எடுத்து வைத்தால் அடுக்குகளும் காணொளியும் கூட வாரா.

விலை விஷயத்தில் எனக்கு முழு நிறைவு. அமெரிக்கச் சந்தையில் 12.99 டாலர், ஒரே முறை. போட்டோஷாப்பை வெளியிடும் அடோபி நிறுவனம் 2013 முதல் மாதச் சந்தா முறைக்கு மாறிவிட்ட உலகில், வருமானம் நிலையில்லாத மாறுதல் காலத்தில் இருப்பவருக்கு மாதந்தோறும் ஒரு செலவு குறைவது பெரிய ஆறுதல். உண்மையான செலவு ஐபேடும் ஆப்பிள் பென்சிலும்தான். தன் செயலிகளில் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவைச் சேர்க்கப்போவதில்லை என்று சாவேஜ் இன்டராக்டிவ் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் கூடா 2024 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தார். கையால் பிழைக்கத் துணிந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் அதை நன்றியோடு நினைக்கிறோம்.

வேலையை விட்டுவிட்டு வாங்க வேண்டிய கருவியல்ல இது. விடுவதற்கு முன்பே, சம்பளம் வரும் காலத்திலேயே வாங்கிப் பழக வேண்டியது. புதிய ஐபேட் கட்டுப்படியாகாதவர்கள் பழையதை வாங்கலாம். வாங்குமுன், அந்த ஐபேடில் இன்றைய புரோகிரியேட் இயங்குமா, எந்தத் தலைமுறைப் பென்சில் அதற்குப் பொருந்தும் என்ற இரண்டையும் கடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். ரேம் நினைவகம் அதிகமுள்ள மாதிரி கிடைத்தால், திரை சற்றுச் சிறியதாக இருந்தாலும் அதையே எடுங்கள்.