சிப்செட் ஃபேனும் ஈசூன் வெக்கையும்: ஐந்து வருஷத்துக்கு மேலான அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் சிப்செட் (யூஎஸ்பி, டிஸ்க் போன்றவற்றை சிபியுவோடு இணைக்கும் மதர்போர்டு சிப்) கொதித்ததற்கு ஓவர்கிளாக், அதாவது சிபியுவை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, காரணமே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆனது, வேண்டாத சாமான்களுக்கு நூறு வெள்ளிக்கு மேல் போனது, வீட்டில் கொஞ்சம் திட்டும் கிடைத்தது.

2019 டிசம்பரில் சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்தில் வாங்கிய எக்ஸ்570 மதர்போர்டு, ரைசன் 7 3700எக்ஸ் சிபியு, ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. போர்டு எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, அந்த வருஷம் வந்த எக்ஸ்570 போர்டுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலுமே சிப்செட் மேல் ஒரு குட்டி ஃபேன் உண்டு. பிசிஐஇ 4.0 (கார்டுக்கும் டிஸ்க்குக்கும் ஆன வேகமான புது இணைப்பு) வந்ததால் சிப்செட்டே சுமார் 11 வாட் தின்ன ஆரம்பித்தது, முந்தைய எக்ஸ்470-ஐப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 2021-இல் ஃபேன் இல்லாத எக்ஸ்570எஸ் போர்டுகள் வந்தபோது எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஹால் மூலை, பக்கத்திலேயே சாமி மாடம். ஏர்கான் படுக்கையறையில் மட்டும்தான், ஹாலில் சீலிங் ஃபேன். மத்தியானம் அறைக்குள்ளேயே 31, 32 டிகிரி. வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி. வெளிநாட்டுக்காரர்கள் 22 டிகிரி அறையில் வைத்து எடுத்த அளவுகளைப் படித்துவிட்டு இங்கே ஒப்பிட்டால் ஆரம்பத்திலேயே பத்து டிகிரி கடனோடுதான் நிற்கிறோம்.

ஓவர்கிளாக் என்று நான் செய்ததும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எல்லாக் கோரும் 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட், மெமரி 3600, ஃபேப்ரிக் (சிபியுவின் உள் இணைப்பு) 1800. செய்து ரெண்டு மாதத்தில், ஒரு மணி நேரம் கேம் ஆடினால் சிப்செட் 84 டிகிரி காட்டியது. சும்மா இருக்கும்போதே 68. குட்டி ஃபேன் முழு வேகத்தில் சுற்றி காதுக்குள் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் (கோவிட் முடக்கம்) தொடங்கி எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது அது இன்னும் பெரிதாகக் கேட்டது. "மீட்டிங்ல இருக்கேன், அந்தக் கொசுவ மொதல்ல அடிங்க" என்றாள் மனைவி.

என் பழைய அனுபவம்தான் என்னைக் கெடுத்தது. கோர் 2 குவாட் கியூ6600 காலத்து ஆள் நான். அப்போதெல்லாம் எஃப்எஸ்பி-யை (சிபியுவையும் நார்த்பிரிட்ஜையும் இணைக்கும் பாதையின் வேகம்) 266-இலிருந்து 333-க்கு ஏற்றினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிப் 3.0-வில் ஓடும், ஆனால் கூடவே நார்த்பிரிட்ஜும் (அந்தக் காலத்து முக்கிய சிப்செட்) அதே வேகத்தில் இழுபடும். மெமரி கன்ட்ரோலர் அதற்குள்தான் இருந்தது, இன்னும் மேலே போனால் அதற்குத் தனியாக வோல்டேஜ் கூட்ட வேண்டியிருக்கும், ஹீட்சிங்கில் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகக் கட்டை) விரல் வைத்தால் சுடும். அதன் தலையில் 40 மில்லிமீட்டர் ஃபேனைக் கேபிள் டை போட்டுக் கட்டிவிட்டு ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி நண்பர்களிடம் காட்டுவோம். இப்போது அந்தக் கதையே வேறு. ஏஎம்டி 2003-லேயே மெமரி கன்ட்ரோலரை சிபியுவுக்குள் கொண்டுபோய்விட்டது, இன்டெல் 2008-இல். இன்றைய சிப்செட் யூஎஸ்பி, சாட்டா, ரெண்டாவது எம்.2 எஸ்எஸ்டி இதெல்லாம் வந்து சேரும் ஒரு சந்தி, அவ்வளவுதான். மல்டிப்ளையரை (சிபியுவின் வேகப் பெருக்கி) மட்டும் ஏற்றினால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. சிபியு ஓவர்கிளாக்கால் சூடாவது சாக்கெட்டைச் சுற்றி இருக்கும், சிபியுவுக்கு மின்சாரம் தரும் விஆர்எம். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனாலும் கை பழக்கத்தில் கேபிள் டையைத்தான் தேடியது.

சிம் லிம் டவரில் நல்ல 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று வாங்கினேன். போர்டில் இருந்ததோ சட்டகமே இல்லாத ஃபேன், திருகு ஓட்டை எதுவும் பொருந்தவில்லை. கட்டிப் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டு உட்காரவில்லை. அப்புறம் கோர் வேகத்தைப் பழையபடி இறக்கினேன், சிப்செட் ஒரே ஒரு டிகிரி குறைந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியாமல் சிபியுவுக்குப் பெரிய கூலர் வாங்கினேன். நூறு வெள்ளி என்று சொன்னேனே, பெரும்பங்கு அதுதான்.

2021-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போயிருந்த நேரம், ஒழுங்காக உட்கார்ந்து சோதித்தேன். சீலிங் ஃபேன் ஒரே வேகம், அறை 31 டிகிரி, ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் சிப்செட் 68-க்குத் திரும்பும் வரை காத்திருந்தேன். சிபியுவை மட்டும் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால் 70. ரெண்டாவது எம்.2-வுக்கு 200 ஜிபி காப்பி செய்தால் 74. கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் ஓட்டினால் 83! பக்கக் கதவைத் திறந்து வைத்து மறுபடி கார்டை ஓட்டினேன், 75. தாளில் எழுதி வைத்த அந்த நாலு எண்ணைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிப்செட் ஃபேன் இருப்பது நேராகக் கார்டின் வயிற்றுக்கு அடியில். 215 வாட் கார்டு கக்கும் அனலைத்தான் அது உறிஞ்சி ஹீட்சிங்கில் ஊதிக்கொண்டிருந்தது. பாவம், அதனால் வேறென்ன செய்ய முடியும்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சுலபம். கேஸின் அடித்தட்டில் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை மேல்நோக்கி ஊத வைத்தேன். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினேன், கேமில் நாலைந்து ஃபிரேம் குறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த ரெண்டிலேயே 83 என்பது 73 ஆனது.

தீபாவளி விடுமுறையில் சிப்செட்டின் தெர்மல் பேடை எடுத்துவிட்டு, சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட் போட்டேன். ஹீட்சிங்க் திருகுகள் போர்டின் பின்பக்கம் இருப்பதால் மொத்தமாகக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும், அரை நாள் வேலை. ஃபேன் இறக்கைகளில் படிந்திருந்தது சாதாரண தூசி இல்லை. சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெயும் சேர்ந்த பழுப்புப் பிசின், அடுப்புக்கு மேலே இருக்கும் புகை உறிஞ்சியில் இருக்குமே, அதே மாதிரி. காட்டன் பட்டில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தேன், இருபது பட் போனது. உள்ளே இருந்த தெர்மல் பேட் காய்ந்து, மென்று ஒட்டவைத்த சுவிங்கம் மாதிரி இருந்தது. ஹீட்சிங்கை நெம்பாதீர்கள், மெல்லத் திருகி எடுங்கள். கீழே சிப் மூடி இல்லாமல் இருக்கிறது, மூலை உடைந்தால் போர்டே போச்சு. இன்னொன்று, பேடை எடுத்துவிட்டுப் பேஸ்ட் போடும்முன் ஹீட்சிங்க் சிப்பைத் தொடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு துளி வைத்து இறுக்கி, மறுபடி கழற்றினால் அச்சுப் பதிந்திருக்க வேண்டும். எனக்குப் பதிந்தது. பதியாவிட்டால் அதே கனத்தில் புதுப் பேட்தான் போட வேண்டும். கிடைத்தது இன்னும் அஞ்சு டிகிரி. வாரண்டி இருக்கிறவர்கள் இந்த அஞ்சு டிகிரிக்காகக் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நடுவில் வெப்கேம் அடிக்கடி அறுந்து அறுந்து வந்தது. சிப்செட் சூட்டில்தான் யூஎஸ்பி போகிறது என்று சத்தியமே செய்திருப்பேன். பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்ததும் நின்றுவிட்டது.

வேலையிடத்து நண்பர் ஒருவர் பெல்டியர் (மின்சாரத்தால் குளிரும் தகடு) வைத்துப் பாரேன் என்றார். இந்த ஊர்க் காற்று 24 டிகிரி பக்கத்திலேயே பனிக்க ஆரம்பித்துவிடும். அதைவிடக் குளிர்ந்த எதை வைத்தாலும் ஐஸ் மைலோ டம்ளர் மாதிரி வியர்த்து வழியும், அதுவும் மின்சாரம் ஓடும் போர்டு மேல். நன்றி சொல்லி விட்டுவிட்டேன்.

2023-இல் குட்டி ஃபேன் தன் பாட்டுக்கு நின்றுபோனது. நான் கவனிக்கவே ஒரு வாரம் ஆனது, ஏனென்றால் கேமில்கூட 74-ஐத் தாண்டவில்லை. அதே அளவில் ஒன்றை ஆன்லைனில் ஒன்பது வெள்ளிக்கு வாங்கி மாட்டி, 65-க்கு மேல்தான் சுற்ற வேண்டும் என்று பயாஸில் வைத்திருக்கிறேன். இப்போது சும்மா இருக்கும்போது 60, கேமில் 68. ஓவர்கிளாக் அதே 4.2 தான், அதில் கை வைக்கவே இல்லை. பழைய எக்ஸ்570 போர்டு கேரசலில் (பழைய சாமான் விற்கும் தளம்) மலிவாகக் கிடைத்து வாங்கப் போகிறவர்கள், விற்பவர் வீட்டு வாசலிலேயே கரண்ட் கொடுத்து அந்தக் குட்டி ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சாமி மாடத்தை நகர்த்தலாமா என்று ஒரு தடவை கேட்டேன், அம்மா பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டேன். சனிக்கிழமை காலையில் கேஸ் முன்பக்க வலையைக் கழற்றிக் குழாயடியில் காட்டுகிறேன். பழுப்பாகத்தான் ஓடுகிறது தண்ணீர்.