தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகம்: பூ பார்டருக்காகவே போகலாம்

கல்யாணப் பத்திரிகை என்றால் வட சென்னையில் எல்லோரும் ஆண்டர்சன் தெருவுக்குத்தான் ஓடுவார்கள். அட்டை வாங்க அது சரி. பழைய மாதிரி ஈய எழுத்தில், பூ பார்டர் போட்டு அடிக்க வேண்டுமென்றால் நான் சொல்லும் இடம் மின்ட் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரப் பெரியவர் கேட்டுக்கொண்டார். மெஷினுக்கு அவர் ஒருத்தர்தான், கூட்டம் வந்தால் தாங்காதாம். அக்கம்பக்கத்து பைண்டிங் கடைகளில் 'பூ பார்டர் போடுறவர்' என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

நான் வீட்டிலிருந்தே டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கிற வேலை செய்கிறவள். அப்படியிருக்க, தம்பி கல்யாணப் பத்திரிகைக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று அவனே கேட்டான். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் பார்டரைப் பிடித்து இழுத்தால் அட்டை அளவுக்கு நீளும். கூடவே மூலைப் பூவும் நீண்டு முட்டை வடிவமாகிவிடும். வீட்டில் வந்து குவிந்திருக்கிற பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள், இந்த முட்டைப் பூ கட்டாயம் கண்ணில் படும். ஈயத்தில் அந்த வேலை நடக்காது. ஒவ்வொரு பூவும் தனி வார்ப்பு, மூலைக்குத் தனித் துண்டு.

பெரியவர் 12 பாயின்ட் அளவு ஈயப் பூ ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சதுரக் கட்டை. தலையில் வளைந்த இலை ஒன்று, ஓரத்தில் ஒரு மொட்டு. அதே பூவில் இன்னும் சிலவற்றை எடுத்து, எழுத்து கோக்கிற ஸ்டிக்கில் கோத்தார். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் கொடி. ஒன்று விட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் அலை. நான்கை மொட்டு உள்பக்கம் வருகிற மாதிரி இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் முழுப் பூ. கட்டை சதுரமாக இருப்பதால்தான் இத்தனையும் முடிகிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ராபர்ட் கிரான்ஜோன் வெட்டிய அரபுப் பாணிக் கொடிகளும் இப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்துதான் பெரிய சித்திரமாகும்.

எங்கள் அட்டை அகலத்துக்குப் பூ வரிசை கொஞ்சம் போதவில்லை, ஒன்று கூட்டினால் மிஞ்சியது. நானாக இருந்தால் அளவை இரண்டு சதவீதம் ஏற்றிவிட்டுப் போயிருப்பேன். அவர் பூக்களுக்கு நடுவே மெல்லிய தகடுகளைச் செருகி, குறைந்த இடத்தை வரிசை முழுக்கப் பங்கிட்டார். தேய்ந்த பூக்களுக்கு அடியில் காகிதம் ஒட்டி உயரம் ஏற்றினார். எழுத்தும் பூவும் ஒரே உயரத்தில், அதாவது 0.918 அங்குலத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று அழுந்தும், இன்னொன்று மங்கும். எங்கள் அட்டையில் விரலை ஓட்டினால் ஒவ்வொரு பூவும் ஒரே ஆழத்தில் தட்டுப்படுகிறது.

பூ வைக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர். எங்கே வைக்கக் கூடாது என்று சொல்ல இவர் இருக்கிறார். பெயர்களுக்கு நடுவிலும் ஒரு பூ வரிசை கேட்டேன். "பேருக்குப் பக்கத்துல பூ வெச்சா கண்ணு பூ மேலதாம்மா போவும். பொண்ணு பேரை எவன் படிப்பான்?" என்றார். பிள்ளையார் பட அச்சு (பிளாக்) கேட்டதற்கும் தலையாட்டவில்லை. கல்யாணம் முடிந்தால் பத்திரிகை குப்பைக்குப் போகும், சாமி படம் எதற்கு, சுழி போதும் என்பது அவர் கட்சி. மேலே ஒரு 'உ', நான்கு ஓரம் பார்டர், அவ்வளவுதான். அம்மாவுக்கு இதில் இன்னமும் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

பின்பக்கத்து மண்டப வழிக்கும் கியூஆர் கோடுக்கும் கம்ப்யூட்டர் வேலை, அதை அவர் மகள் பார்க்கிறார். இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது. வேறொரு அச்சகத்தில் கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுத்தபோது, திருத்தக்கூடிய ஓபன் ஃபைல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். வரிகளுக்கு நடுவே ❖ ❖ ❖ வைத்திருந்தேன். அச்சாகி வந்ததில் அங்கே ஆங்கில 'வி' எழுத்து மூன்று நின்றது. எழுத்துகளுக்குப் பதில் படக் குறிகள் இருக்கிற விங்டிங்ஸ் எழுத்துருவில் அந்த வைரக் குறி இருப்பது சின்ன 'வி' சாவியில். அவர்கள் கணினியில் எழுத்துரு மாறியதும் வைரம் போய் எழுத்து மிஞ்சியது. பழைய அலுவலக மெயில்களில் வாக்கிய முடிவில் ஒற்றை 'ஜே' எழுத்து நிற்குமே, அதுவும் இதே கூத்துதான். விங்டிங்ஸில் அது சிரிக்கிற முகம்.

இத்தனைக்கும் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1978இல் தந்த ஸாப்ஃப் டிங்பேட்ஸ் அலங்காரக் குறிகளுக்கு, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தருகிற யூனிகோடில் 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது, இந்த வைரம் உட்பட. 1990இல் வந்த விங்டிங்ஸில் விடுபட்டிருந்தவை 2014இல் சேர்ந்தன. தனி எண் இருக்கிற குறி எழுத்தாக மாறாது. பெரியவரின் மகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபைலைத் திறந்ததும் பழைய குறிகளை யூனிகோடுக்கு மாற்றி, என்னிடம் புரூஃப் காட்டி, கடைசியில் எழுத்துரு மாறினாலும் கெடாதபடி எல்லாவற்றையும் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிவிட்டார்.

அப்புறம் அந்தச் சின்னப் பெட்டி. வருடம், மாதம், நாள் என்பதற்கான பழைய தமிழ்க் குறிகள் ௵, ௴, ௳ மூன்றும் ஈயத்தில் வைத்திருக்கிறார்! யூனிகோடில் இவை 2003இலிருந்து இருந்தாலும் எல்லாத் தமிழ் எழுத்துருக்களிலும் கிடைப்பதில்லை, கிடைக்கிற சிலதும் நோஞ்சானாக இருக்கும். இவருடையது நல்ல தடிமன். 'விசுவாவசு ௵ தை ௴' என்று பார்த்ததும் தாய்மாமா தயங்காமல் படித்தார். தம்பியின் நண்பர்கள்தான் இது என்ன டிசைன் என்று கேட்டார்கள். ஒரு சிக்கல்: ௳ அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முகூர்த்தத்துக்குப் போட்டால் வரவேற்புக்குக் கிடையாது.

குறைகளும் உண்டு. போனை எடுக்க மாட்டார். சொன்ன நாளில் தரவில்லை, மறுநாள்தான் கிடைத்தது. மை காய்வதற்குள் அடுக்கியதில் சில அட்டைகளின் முதுகில் பார்டர் நிழல் விழுந்துவிட்டது. சொன்னதும் முகம் சுளிக்காமல் வேறு அடித்துக் கொடுத்தார். சொந்தக்காரர் பட்டியலை இரண்டு பத்தி போடுகிற குடும்பங்களுக்கு இது சரிப்படாது, சின்ன சைஸ் எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. மற்ற நாளில் அவருடைய ட்ரெடில் அச்சு மெஷின் பில் புக்குக்கு நம்பர் போடவும், அட்டையில் மடிப்புக் கோடு போடுகிற கிரீசிங்குக்கும்தான் ஓடுகிறது. பைக் நிறுத்த இடமில்லை. காத்திருக்கும் நேரத்துக்கு மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச் இருக்கிறது, அதில் குறையில்லை.

அட்டை நாம் வாங்கிக் கொடுத்து, ஒரு நிறத்தில் 300 அடிக்க 1,800 ரூபாய் வாங்கினார். பின்பக்கம் தனிக் கணக்கு. ஜிபே உண்டு. பளபளக்கிற ஆர்ட் கார்டு வேண்டாம், மை காய நேரமாகும், எழுத்து அழுந்திய பதிவும் தெரியாது. ஆண்டர்சன் தெருவில் கோட்டிங் இல்லாத தடித்த அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். தை மாதக் கல்யாணம் என்றால் மார்கழி பிறந்ததுமே மேட்டரைக் கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் அவருக்குக் கை காலியாக இருக்கும். வரவேற்புக்கும் தமிழ் தேதி வேண்டுமென்றால் மட்டும் வேறு வழி பாருங்கள்.