மூன்றாம் ஜோடிக்கு 4.5 மில்லியன் டாலர்: எப்படிக் கழற்றிவிடுவது?

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் அநேகமாக எல்லா அணியிலும் இப்படி ஒருவர் இருப்பார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். முதல் நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்த நாளில் கையெழுத்தான நீண்ட ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இன்றோ தற்காப்பின் கடைசி ஜோடியான மூன்றாம் ஜோடியில் ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம். அணி ஓர் ஆள் குறைந்து நிற்கும்போது கோலுக்கு முன்னால் மண்டியிட்டு, வரும் அடியைக் கால்காப்பில் வாங்கிக்கொள்ளும் வேலை. வேலையில் குறையில்லை. ஆனால் அதே வேலையை ஒரு மில்லியனுக்கும் குறைவாகச் செய்ய, என்.எச்.எல்.லுக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் ஆள் இருக்கிறது.

நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் காகிதத்தில் அணி நடத்தும் ஃபேன்டசி லீக் ஒன்றை நண்பர்கள் சிலர் நடத்துகிறோம். அதில் என்.எச்.எல். சம்பளச் சட்டங்களை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கிறோம். ஓர் அணியின் ஒரு பருவத்து மொத்தச் சம்பளக் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதுதான் அதில் முக்கியம். 2025 கோடையில் என் அணியில் அப்படி ஒருவர் இருந்தார்: ஆண்டுக்கு 4.5 மில்லியன், இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. பெயர் வேண்டாம், மனிதர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சம்பளத்தில் பாதியை என் கணக்கிலேயே வைத்துக்கொண்டு அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டேன். மற்ற வழிகளையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அதைச் செய்தேன்.

முதலில் எளிதாகத் தள்ளிவிடக்கூடியது. மைனர் லீக்குக்கு அனுப்பினால் சம்பளம் மறைந்துவிடும் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். ஒருகாலத்தில் மறையவும் செய்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் 6.5 மில்லியன் வாங்கிய வேட் ரெட்டனை 2010இல் மைனர் லீக்குக்கு அனுப்பி, இரண்டு பருவம் அங்கேயே வைத்திருந்தார்கள். உச்சவரம்புக் கணக்கில் ஒரு காசு ஏறவில்லை. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் 2013இல் போட்ட ஒப்பந்தம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. இப்போது லீக்கின் குறைந்தபட்சச் சம்பளமும் அதன் மேல் 3,75,000 டாலரும் மட்டும்தான் கழியும். 2025-26 கணக்குப்படி அது 1.15 மில்லியன். என் ஆளை அனுப்பியிருந்தால் 3.35 மில்லியன் அப்படியே நின்றிருக்கும், களத்தில் ஆளும் இருக்காது.

அடுத்தது பை-அவுட். பார்ப்பதற்கு இதுதான் சுத்தமான வழி. 26 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தொகை மீதமுள்ள ஆண்டுகளைப் போல இரு மடங்கு காலத்துக்குப் பரவும். என் ஆளுக்கு மீதி 9 மில்லியன். மூன்றில் இரண்டு பங்கு 6 மில்லியன். நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 1.5 மில்லியன். முதல் இரண்டு ஆண்டில் ஆண்டுக்கு 3 மில்லியன் கையில் மிஞ்சுகிறது. அதற்கு மேல் இரண்டு ஆண்டு, அவர் ஒப்பந்தமே இல்லாத காலத்திலும், நான் அவருக்காகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வால் எவ்வளவு நீளும் என்பதற்கு பிட்ஸ்பர்க் நல்ல சாட்சி. ஜாக் ஜான்சனுக்கு 2018இல் ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 3.25 மில்லியன் கொடுத்தார்கள். இரண்டே பருவம் கழிந்ததும் 2020இல் பை-அவுட் செய்தார்கள். மூன்று ஆண்டு பாக்கி, ஆகவே ஆறு ஆண்டு வால். ஜான்சன் 2022இல் கொலராடோ அணியோடு லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். அப்போதும் பிட்ஸ்பர்க் கணக்கில் அவர் பெயர் இருந்தது. 2025-26 வரைக்கும் இருந்தது. கடைசி மூன்று ஆண்டுகளில் அது மில்லியனுக்குச் சற்றுக் குறைந்த தொகைதான். ஆனால் அந்தத் தொகைக்கு ஒரு முழு ஆட்டக்காரரை எடுத்திருக்கலாம்.

மூன்றாவது வழி, டிராஃப்ட் தேர்வு ஒன்றை, அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தனக்குரிய ஒரு முறையை, இனாமாகச் சேர்த்துக் கொடுத்து ஆளைத் தள்ளிவிடுவது. உச்சவரம்பு 81.5 மில்லியனில் மூன்று பருவம் அசையாமல் நின்றபோது இதுவே ஊர் வழக்கமாக இருந்தது. 2021 ஜூலையில் ஃபிலடெல்பியா, ஆண்டுக்கு 4.5 மில்லியனும் இரண்டு ஆண்டு பாக்கியும் உள்ள ஷேன் காஸ்டிஸ்பேரை அரிசோனாவுக்கு அனுப்பியது. கூடவே ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஏழாம் சுற்றுத் தேர்வும். திரும்ப வாங்கியது ஒன்றுமில்லை. அதே மாதம் ஃபுளோரிடா, 5.5 மில்லியன் வாங்கிய ஆன்டன் ஸ்ட்ரால்மனை அதே அரிசோனாவிடம் இரண்டாம் சுற்றுத் தேர்வோடு ஒப்படைத்தது. ஒரே ஒரு ஆண்டு பாக்கியிருந்த ஒப்பந்தம் அது!

காஸ்டிஸ்பேர் கதை எனக்குப் பிடித்தமானது. ஃபிலடெல்பியாவில் வேண்டாதவராகிப் போன மனிதர் அரிசோனாவில் அடுத்த பருவமே, கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, 51 புள்ளி எடுத்தார். 2023 மார்ச்சில் அரிசோனா அவரைக் கரோலினாவுக்குக் கொடுத்து மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்றை வாங்கியது. வாங்கியதற்கும் கூலி, விற்றதற்கும் விலை. தள்ளிவிடுகிறவர் அவசரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அப்படித்தான் நடந்துகொள்வார்.

இதைவிடப் பெரிய உதாரணம் டொராண்டோவில் நடந்தது, ஆட்டக்காரர் முன்வரிசைக்காரர் என்றாலும். பேட்ரிக் மார்லோ 35 வயதுக்குப் பின் கையெழுத்திட்டவர். அப்படிப்பட்ட அவருடைய ஒப்பந்தத்தைப் பை-அவுட் செய்தாலும் 6.25 மில்லியன் கணக்கை விட்டுப் போகாது. ஆகவே 2019இல் டொராண்டோ அவரோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வையே கரோலினாவுக்குக் கொடுத்தது. கரோலினா அவரைப் பை-அவுட் செய்து அனுப்பிவிட்டு, அந்தத் தேர்வில் 2020இல் பதின்மூன்றாவதாக சேத் ஜார்விஸை எடுத்தது. ஜார்விஸ் கரோலினாவின் முன்னணி ஆட்டக்காரராக வளர்ந்துவிட்டார். டொராண்டோ ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

உச்சவரம்புள்ள லீக்கில் டிராஃப்ட் தேர்வு என்பது மலிவான ஆட்டக்காரர் ஒருவரைப் பெறும் வாய்ப்பு. இளம் ஆட்டக்காரரின் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு, அடிப்படைச் சம்பளம் சுமார் ஒரு மில்லியன். அணியில் இடம் இல்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடுகிறோம். அதற்காக, நாளை அந்த இடத்தைக் குறைந்த செலவில் நிரப்பக்கூடியவரையும் கூடவே அனுப்புகிறோம். வீட்டுக்கடனை அடைக்க விதைநெல்லை விற்பது போலத்தான். இரண்டாம் சுற்றுத் தேர்வுகளில் பல வீணாகிப்போகும் என்பது உண்மைதான். கோப்பைக்காக ஓடும் அணிக்கு நாளையைப் பற்றிக் கவலை இல்லை என்பதும் உண்மை. எனக்கு அந்த அவசரம் இல்லை.

நான் எடுத்த வழிக்கு வருகிறேன். ஓர் அணி ஆட்டக்காரரை மாற்றும்போது அவர் சம்பளத்தில் ஐம்பது சதவீதம் வரை தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் இப்படி வைக்க முடியாது. எல்லாம் சேர்ந்து உச்சவரம்பில் 15 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. வைத்துக்கொள்ளும் சதவீதம் ஒப்பந்தம் முடியும்வரை மாறாது. என் கணக்கில் அது ஆண்டுக்கு 2.25 மில்லியன், இரண்டு ஆண்டு. அவ்வளவுதான், மூன்றாம் ஆண்டு எதுவும் இல்லை.

பேரம் எப்படிப் போனது என்பதைச் சொன்னால் வித்தியாசம் விளங்கும். எங்கள் லீக்கில், தன் அணியின் தற்காப்பு மெலிந்திருந்த ஒரு தம்பியிடம் முதலில் முழுச் சம்பளத்தோடு கேட்டுப் பார்த்தேன். “அண்ணா, இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துத் தந்தால் யோசிக்கிறேன்” என்று பதில் வந்தது. பாதியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றதும் பேச்சே மாறிவிட்டது: “அப்படியானால் நான் ஐந்தாம் சுற்று தருகிறேன்.” அதே ஆள், அதே முழங்கால், அதே பதினைந்து நிமிடம். 4.5 மில்லியனுக்குச் சுமையாக இருந்தவர் 2.25 மில்லியனுக்கு நியாயமான கொள்முதல் ஆகிவிட்டார். கொடுக்க வேண்டியிருந்த இடத்தில் வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

இப்போது பை-அவுட்டோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். பை-அவுட்டுக்காக வாதாடுகிறவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: உச்சவரம்பு வேகமாக ஏறுகிறது. 2024-25இல் 88 மில்லியன், 2025-26இல் 95.5, அடுத்து 104, 2027-28க்கு 113.5 என்று 2025 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். நாளைய 1.5 மில்லியன் இன்றைய 1.5 மில்லியனைவிட இலேசானது, ஆகவே வால் நீண்டால் என்ன என்பது அவர்கள் கேள்வி. எனவே டாலரை விட்டுவிட்டு உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்று பார்த்தேன். பாதியை வைத்துக்கொண்டால் முதல் ஆண்டு ஏறத்தாழ 2.4 சதவீதம், இரண்டாம் ஆண்டு 2.2, மொத்தம் 4.5 போல. பை-அவுட்டில் 1.6, 1.4, 1.3 என்று மூன்று ஆண்டுக்கே 4.3 சதவீதம் போய்விடுகிறது, நான்காம் ஆண்டு இன்னும் பாக்கி. அந்த ஆண்டின் வரம்பு எவ்வளவு ஏறினாலும் அந்தக் கடைசித் தவணை ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வேகமாக ஏறும் வரம்புகூட வாலை முழுக்க விழுங்குவதில்லை. முதல் இரண்டு ஆண்டில் பை-அவுட் ஆண்டுக்கு 0.75 மில்லியன் கூடுதல் இடம் தரும்; அந்த இடம் இருந்தால்தான் கோப்பை என்னும் நிலையில் இருப்பவர் அதை எடுக்கலாம்.

ஆக, என் பார்வையில் தீர்மானிப்பது தொகை அல்ல, ஆண்டு. இதை அப்பட்டமாகக் காட்டுவது நிகிதா ஜைட்சேவின் ஒப்பந்தம். டொராண்டோ 2017இல் அவருக்கு ஏழு ஆண்டு, ஆண்டுக்கு 4.5 மில்லியன் கொடுத்தது. 2019இல் ஐந்து ஆண்டு பாக்கியிருக்கும்போது அவரையும் கானர் பிரவுனையும் ஒட்டாவாவுக்கு அனுப்பி, கோடி சீசியையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டது. சீசியோடு போட்ட ஒப்பந்தமும் 4.5 மில்லியன்தான், ஆனால் ஒரே ஒரு ஆண்டு. ஜைட்சேவுக்குப் பதில் சீசி என்ற அளவில் அந்தப் பருவத்துக் கணக்கில் ஒரு டாலர் மிச்சமில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளின் சுமை இறங்கிவிட்டது. சீசி டொராண்டோவில் ரசிகர்களின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு பருவம் ஆடிவிட்டுப் போனார். ஒட்டாவாவோ 2023 பிப்ரவரியில் ஜைட்சேவை சிக்காகோவுக்குத் தள்ள, ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும் கொடுக்க வேண்டிவந்தது. அப்போதும் அடுத்த ஒரு பருவம் பாக்கி. ஒரே ஒப்பந்தம், முதலில் கைமாற்றியவர் சுமையை ஒரே ஆண்டாகச் சுருக்கிக்கொண்டார், கடைசியில் வைத்திருந்தவர் தேர்வுகளாகக் கொடுத்தார்.

பாதி வைத்துக்கொள்வதிலும் ஒரு பொறி உண்டு. வாங்கிய அணி பிறகு அந்த ஆட்டக்காரரைப் பை-அவுட் செய்தால், வைத்துக்கொண்ட பங்கும் சேர்ந்தே நீளும். டியான் ஃபனூஃபை 2018இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பியபோது ஒட்டாவா 25 சதவீதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2019இல் லாஸ் ஏஞ்சலிஸ் பை-அவுட் செய்தது, ஒட்டாவாவின் பங்கும் நான்கு ஆண்டுக்குப் பரவியது. ஆகவே யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த தம்பி பை-அவுட் என்றாலே முகம் சுளிப்பவர். அதுவும் ஒரு காரணம்.

சம்பளத்தை வைத்துக்கொள்ள ஓர் அணிக்கு இருக்கும் மூன்றே இடங்களில் ஒன்று போய்விடுகிறதே என்றும் கேட்கலாம். வரிசையில் பின்தங்கிய அணிகளுக்கு இது உண்மையான இழப்பு. 2023இல் ரயன் ஓ’ரைலி டொராண்டோவுக்கு வந்தபோது செயின்ட் லூயிஸ் பாதியை வைத்துக்கொண்டது, மினசோட்டா இடையில் நின்று மீதியில் பாதியை ஏற்றுக்கொண்டு நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கூலியாக வாங்கியது. அப்படிப்பட்ட வியாபாரம் செய்ய நினைப்பவர், மூன்றாம் ஜோடி ஆட்டக்காரருக்காக ஓர் இடத்தை இரண்டு ஆண்டு முடக்கக் கூடாது. நடுவில் நிற்கும் என் அணிக்கு அந்த இடம் சும்மா கிடந்ததுதான்.

எங்கள் லீக்கில் இல்லாத இரண்டு விஷயங்களில் என் அனுபவம் மெலிந்தது. ஒன்று, மாற்றத்தைத் தடுக்கும் உரிமை. உண்மையான அணிகளில் ஆட்டக்காரர் ‘இந்தப் பத்து ஊருக்குப் போகமாட்டேன்’ என்று பட்டியல் வைத்திருப்பார். வாங்கத் தயாராக இருக்கும் ஒரே அணி அந்தப் பட்டியலில் இருந்தால் என் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி. மற்றொன்று, ரொக்கம். கையெழுத்து போனஸாகக் கொடுக்க வேண்டிய பணம் பை-அவுட்டில் குறையாது. அது முழுதாகப் போய்ச் சேரும். போனஸ் நிறைந்த ஒப்பந்தத்தில் பை-அவுட் இன்னும் மோசமாகும், போனஸ் கொடுத்து முடித்த ஜூலைக்குப் பிறகு மாற்றுவது இன்னும் எளிதாகும். முதலாளியின் பணப்பை எப்படி யோசிக்கும் என்று ஃபேன்டசி மேசையிலிருந்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரே ஒரு ஆண்டு பாக்கி என்றால் நான் எதுவுமே செய்யமாட்டேன். 104 மில்லியன் வரம்பில் 4.5 என்பது 4.3 சதவீதம், ஆறாவது தற்காப்பு ஆட்டக்காரருக்கு அது அதிகம்தான், ஆனால் ஒரு பருவத்தில் தீர்ந்துவிடும். நான்கு ஆண்டோ அதற்கு மேலோ பாக்கி என்றால் பாதியை வைத்துக்கொள்வதும் கசக்கும். அப்போது டொராண்டோ செய்ததைப் போல, அதே தொகையில் குறைந்த ஆண்டு பாக்கியிருக்கும் இன்னொரு அணியின் தலைவலியைத் தேடிப் போவேன்.