வுல்ஃப் கட், ஷாக், பட்டர்ஃபிளை: வீட்டில் வைத்துச் சமாளிக்க எது லாயக்கு?

முடியை அடுக்கடுக்காக, வெவ்வேறு நீளத்தில் வெட்டும் லேயர் கட்டுகள் இவை; சலூன் நாற்காலியிலிருந்து எழும்போது மூன்றுமே அழகாகத்தான் இருக்கும். ஒருவர் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கையில் டிரையரும் இன்னொரு கையில் பிரஷ்ஷுமாக நமக்காக மெனக்கெட்டிருப்பார். அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் அதே வேலையை நாமே செய்தாக வேண்டும், அதுவும் கையை மேலே தூக்கிக்கொண்டு, பின்னந்தலை கண்ணுக்குத் தெரியாமல். அதனால் வட்ட முகத்துக்கு எது, நீள முகத்துக்கு எது என்ற கேள்வியை இங்கே விட்டுவிடுகிறேன். காலையில் கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் கேட்கும், வளர வளர எப்படி மாறும், இந்த இரண்டையும் வைத்துத்தான் லேயர் கட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூன்றில் மூத்தது ஷாக். 1970-களின் தொடக்கத்தில் நடிகை ஜேன் ஃபோண்டா வைத்திருந்தாரே, அந்த வகை. உச்சியிலிருந்து நுனி வரை நிறைய லேயர்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீள வித்தியாசம் குறைவு, நெற்றியில் கலைந்த மாதிரி விழும் குட்டை முடி, அதாவது ஒரு ஃபிரிஞ்ச். இதோடு மல்லெட்டை (முன்னால் குட்டையாக வெட்டி, பின்னால் நீளமாக விடும் பழைய ஸ்டைல்) கலந்தால் வுல்ஃப் கட்: உச்சியில் குட்டை, பிடரியில் நீளம், இரண்டுக்கும் நடுவே கண்ணை உறுத்தும் அளவுக்கு வித்தியாசம். தென்கொரிய சலூன்களிலிருந்து கிளம்பி, 2021 வாக்கில் டிக்டாக் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த வருடமே பிரபலமானது பட்டர்ஃபிளை. மேல் அடுக்கு கன்னத்திலோ தாடையிலோ நின்றுவிடும், கீழே நீளம் அப்படியே இருக்கும். முன்பக்கம் மட்டும் பார்த்தால் குட்டை முடி மாதிரி தெரியும்.

வுல்ஃப் கட்தான் மூன்றிலும் துணிச்சலானது, அதே சமயம் முடியின் குணத்தை மறைக்கவே மறைக்காதது. இயற்கையாகவே அலையோ சுருளோ இருக்கும் அடர்த்தியான முடியில் இது கிட்டத்தட்ட தானாகவே நிற்கும். கனம் குறைந்ததும் உச்சி எழும்பிவிடும், நீங்கள் கொஞ்சம் மூஸ் (முடியை எழுப்பிப் பிடித்துவைக்கும் நுரை) தடவிக் கசக்கிவிட்டால் போதும். ஆனால் மெல்லிய நேர் முடியில் கதையே வேறு. மேலே இருக்கும் குட்டை லேயர்கள் தலையோடு படிந்துவிடும், கீழே மிச்சமிருப்பது எலிவால் மாதிரி தொங்கும். அதை எழுப்ப தினமும் டிரையர், வேரில் ஸ்ப்ரே, நுனியில் ஸ்ட்ரெயிட்னர் என்று போராட வேண்டும். நெட்டில் பார்க்கும் படங்களில் பாதிக்கு மேல் இப்படிப் போராடி எடுத்தவைதான் என்று நினைக்கிறேன். உச்சியில் சுழி இருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும், அங்கே முடியைக் குட்டையாக வெட்டினால் சுழி தன் இஷ்டத்துக்கு நிமிர்ந்து நிற்கும்.

ஷாக் இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. லேயர்கள் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாகக் காய்ந்தாலும் யாருக்கும் தெரியாது, கலைந்திருப்பதுதான் அதன் அழகே. சோம்பேறிகளுக்கு ஏற்றது, நான் உட்பட.

பட்டர்ஃபிளை பார்ப்பதற்குச் சாது, பராமரிப்பில் அப்படியல்ல. அந்த மேல் அடுக்கு முகத்திலிருந்து விலகி, வளைந்து பறந்தால்தான் கட் இருப்பதே தெரியும். வெறுமனே காயவிட்டால் ஏதோ வளர்ந்துபோன பழைய லேயர் மாதிரி இருக்கும். அதாவது ரவுண்ட் பிரஷ்ஷோ வெல்க்ரோ ரோலரோ (முடியைச் சுற்றினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் உருளை) இல்லாமல் இது ஓடாது. பதிலுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு: முடியைக் கட்டலாம். கீழ் அடுக்கு நீளமாக இருப்பதால் போனிடெயில், பின்னல் எல்லாம் சாத்தியம், முன்னால் விழும் இழைகள்கூட வேண்டுமென்றே விட்டது போலத் தெரியும். வுல்ஃப் கட்டை இழுத்துக் கட்டினால் உச்சி முடியில் பாதி வெளியே வந்துவிடும். ஜிம்முக்குப் போகிறவர்களும் வேலையிடத்தில் முடியைக் கட்டியே ஆக வேண்டியவர்களும் இதைக் கவனிக்கட்டும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விடுபடும், காயும்போது அந்த நேரத்தில் முடி இருக்கும் வடிவத்திலேயே மறுபடி இறுகும். ஆகவே ஈரத்திலிருந்து காய்வதற்குள் நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதுதான் அன்றைய ஸ்டைல். முழுக்கக் காய்ந்த பிறகு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை. வுல்ஃப், ஷாக் இரண்டுக்கும் டிஃப்யூசர்தான் (டிரையர் முனையில் மாட்டி, காற்றைப் பரவலாக விடும் கிண்ணம்) என் தேர்வு. மூஸ் தடவி, தலையைக் கவிழ்த்து, மிதமான சூட்டில், விரலால் கலைக்காமல் காயவிட வேண்டும். கலைப்பதெல்லாம் கடைசியில், முழுக்கக் காய்ந்த பிறகு.

பட்டர்ஃபிளைக்கு ரவுண்ட் பிரஷ், வெல்க்ரோ ரோலர் இரண்டில் எது என்றால், கை பழகாதவர்களுக்கு ரோலரே மேல். முக்கால்வாசிக்கு மேல் காயவைத்துவிட்டு, மேல் அடுக்கை மட்டும் பிரித்தெடுத்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைத்து, ஒருமுறை சூடு காட்டிவிட்டு ஆறவிட வேண்டும். ஆறுவதற்கு முன் எடுத்தால் வளைவு நிற்காது. டிரையரில் குளிர்காற்று பட்டன் இருப்பதும் இதற்காகத்தான். அந்த நேரத்தில் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம், ரவுண்ட் பிரஷ் அப்படி விடாது. ஆனால் ஒன்று, ரோலரைச் சிக்குள்ள முடியில் சுற்றினால் கழற்றுவதற்குள் உயிர் போய்விடும், முதலில் நன்றாகச் சீவிவிடுங்கள்.

ஸ்ட்ரெயிட்னரை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். நுனியை லேசாக வெளிப்பக்கம் திருப்ப, ஃபிரிஞ்ச்சைச் சரிசெய்ய உதவும், அவ்வளவே. மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரி செல்சியஸ் அளவே போதும், அடர்த்தியான முடிக்கு 180. அதைத் தாண்ட அவசியமே இல்லை. முக்கியமாக, ஈர முடியில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி முடித்தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்கும், பிறகு அந்த இடத்தில்தான் ஒடியும். லேயர் கட்டில் நுனிகள் தலை முழுக்கப் பரவியிருப்பதால், ஒரே நீளத்தில் வெட்டிய முடியைவிட இந்தச் சேதம் சீக்கிரமே கண்ணில் படும்.

தடவுவதில் பெரிதாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எழும்பாத முடிக்கு மூஸ், வறண்ட சுருளுக்கு க்ரீம். கடல் உப்பு ஸ்ப்ரே வுல்ஃப் கட்டுக்கு அந்தக் கரடுமுரடான தோற்றத்தைக் கொடுக்கும், ஆனால் முடியை வறட்டும், ஏற்கெனவே ப்ளீச் செய்து வெளுத்த முடி என்றால் தள்ளி வையுங்கள். எண்ணெயோ சீரமோ நுனியில் ஒரு துளி போதும். வேரில் பட்டால் உச்சி லேயர் எழும்பவே எழும்பாது. மறுநாளைக்கு உலர் ஷாம்பூ (தண்ணீரில்லாமல் வேரில் தூவி எண்ணெயை உறிஞ்சவிடுவது), அதையும் எண்ணெய் வழிந்த பிறகு போடுவதைவிட முந்தின இரவே வேரில் தூவிவிட்டுப் படுப்பது நல்லது.

அப்புறம் கத்தரிக்கோல். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். இது பிடரியில் தெரியாது, புருவத்தில் நிற்கும் ஃபிரிஞ்ச்சில் உடனே தெரியும், கண்ணில் குத்தும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஃபிரிஞ்ச்சை மட்டும் வீட்டில் வெட்டிக்கொள்வதில் தப்பே இல்லை. முடி வெட்டுவதற்கென்றே உள்ள கத்தரிக்கோல் வேண்டும், முடி காய்ந்திருக்க வேண்டும் (ஈர முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும், சுருள் முடியில் இன்னும் மோசம்). குறுக்காக ஒரே கோட்டில் வெட்டாமல், கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திவிட வேண்டும்.

மொத்த வுல்ஃப் கட்டையும் வீட்டிலேயே போட்டுக்கொள்ள, எல்லா முடியையும் நெற்றிக்கு மேல் ஒரே போனிடெயிலாகக் கட்டி நுனியை வெட்டும் வித்தை ஒன்று சுற்றுகிறதே, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லேயர் விழும், உண்மைதான். ஆனால் கட்டின இடம் கொஞ்சம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் நீளம் மாறிவிடும், எந்த இடத்தில் எவ்வளவு குறையும் என்பது முடியை அவிழ்த்த பிறகுதான் தெரியும். அடர்த்தியைக் குறைக்கும், பல்வரிசை வைத்த தின்னிங் கத்தரிக்கோலும் அப்படியே, சுருள் முடியில் பட்டால் சிலும்பலைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

என் வரிசை இது: அலை அலையான அடர் முடி, துணிச்சலும் உண்டு என்றால் வுல்ஃப். நேர் முடி, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ரோலரோடு உட்காரப் பொறுமை உண்டு என்றால் பட்டர்ஃபிளை. இரண்டும் இல்லாத மற்ற எல்லோருக்கும் ஷாக். எதிலும் உறுதியில்லாதவர்கள் பட்டர்ஃபிளையில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதிலிருந்து ஷாக்குக்கும் பிறகு வுல்ஃபுக்கும் இறங்க ஒரு வெட்டுப் போதும். திரும்பி வருவதுதான் கஷ்டம். வுல்ஃப் கட்டின் உச்சி முடி தோளைத் தொட ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை நீளம் ஏறட்டும் என்று கீழ்ப்பகுதியை வெட்டாமல் விடாதீர்கள், அப்படி விட்டால் அசல் மல்லெட்தான் கிடைக்கும். பிடரியை அவ்வப்போது குறைத்துக்கொண்டே வந்தால் மேல் முடி வந்து சேர்ந்துகொள்ளும்.