பழைய காருக்குப் புது ஸ்டீரியோ: நாமே மாட்டுவதென்றால் எதை வாங்கலாம்?

கடையில் ஸ்டீரியோ பார்க்கிறவர்கள் திரையைத்தான் பார்ப்பார்கள். தானே மாட்டப் போகிறவர் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்க வேண்டும். எத்தனை ஒயர் வெளியே வருகிறது, டேஷ்போர்டுக்குள் எவ்வளவு ஆழம் போகும், நம் காரின் கப்ளர் (ஒயர்கள் வந்து முடியும் பிளாஸ்டிக் பிளக்) அதில் நேராகச் சேருமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இந்த ஒப்பீடும் அந்த முதுகுப் பக்கத்திலிருந்துதான்.

மனதில் வைத்திருக்கும் கார், பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு சின்ன ஹேட்ச்பேக். ஆல்ட்டோ, வேகன் ஆர், ஐ10 மாதிரி. அதிலும் ஸ்டீரியோவே இல்லாமல், அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு வந்த பேஸ் மாடல். புது கார் வைத்திருப்பவருக்கு என் யோசனை வேறு: ஒயரில் கை வைத்தது தெரிந்தால் எலக்ட்ரிகல் வாரண்டி கேட்டுப் போகும்போது கைவிரித்துவிட வாய்ப்பு உண்டு. வாரண்டி முடியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் மூன்று பேர். ஒன்று, திரையே இல்லாத சிங்கிள் டின் (டின் என்பது ஸ்டீரியோ ஓட்டையின் பொது அளவு, டபுள் என்றால் உயரம் இரண்டு மடங்கு). இரண்டு, போனை இணைத்து ஓட்டும் கம்பெனி டச் ஸ்கிரீன், அதாவது ஐபோனுக்கான கார்ப்ளே, ஆண்ட்ராய்டு போனுக்கான ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள டபுள் டின். மூன்று, 9 அல்லது 10 அங்குலத்தில் வரும் சீன ஆண்ட்ராய்டு பெட்டி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் மூன்றும் ஒரே கண்ணாடி அலமாரியில் இருக்கும். கடைக்காரர் கை முதலில் போவது மூன்றாவதற்குத்தான்.

சத்தம் எதில் அதிகம்?

இதை முதலிலேயே முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் போட்டியே இல்லை. அட்டைப்பெட்டியில் ஒன்று 4×50 வாட் என்னும், இன்னொன்று 4×55, சீனப் பெட்டி 4×60 என்றும் போட்டிருக்கும். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட். அதுவும் ஒலி முழுக்கச் சிதைந்து, அலை சதுரமாக வெட்டுப்பட்ட நிலையில் வரும் உச்சம். சிதையாமல் வருவது அதில் பாதிக்கும் கீழே, 20 வாட் பக்கம். தனி ஆம்ப்ளிஃபயர் வைக்காதவரை எந்தப் பெட்டிக்கும் இந்தக் கணக்குதான். ஆகவே நல்ல பாட்டு வேண்டும் என்பவர் பெட்டியில் மிச்சம் பிடித்து, முன் கதவு ஸ்பீக்கரில் போடுவது மேல்.

சிங்கிள் டின்

180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இந்த அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். சோனி, பயனியர், கென்வுட் என்று யாருடையதை வாங்கினாலும் ஒரு தகரக் கூடு கூட வரும். அதை ஓட்டைக்குள் தள்ளி, ஸ்க்ரூடிரைவரால் நாக்குகளை மடக்கி, பெட்டியை உள்ளே அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துகொள்ளும். சிடி போடும் காலம் போய்விட்டதால் இப்போது வருகிறவற்றின் உடம்பு பாதியாகக் குறுகிவிட்டது. அதன் அருமை மாட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்: பின்னால் ஒயர் கட்டு, ஆன்டெனா பிளக், கப்ளர் எல்லாம் சுருண்டு கிடக்க இடம் வேண்டாமா? பெட்டி முக்கால்வாசி போய் நின்றுகொண்டு அடம்பிடிப்பது அந்த இடம் இல்லாததால்தான்.

சாவியைத் திருப்பிய உடனே பாடும். எஃப்எம் மூன்றிலும் இதில்தான் சுத்தம். ஓடும்போது கண்ணை எடுக்காமல் திருக ஒரு குமிழ் இருக்கும். மேப் வேண்டுமென்றால் போன் ஹோல்டர். ரிவர்ஸ் கேமரா கிடையாது, அவ்வளவுதான் குறை.

கம்பெனி டச் ஸ்கிரீன்

இதற்கு 180-க்கு 100 இடம் வேண்டும். டொயோட்டா கார்களில் ஓட்டையின் அகலம் 200 மில்லிமீட்டர் என்பதால் இருபுறமும் சந்து விழும், அதற்குத் தனி பிளாஸ்டிக் பட்டை வாங்க வேண்டும். நம் சின்ன கார்களுக்கு அந்தந்த மாடல் பெயர் சொல்லிக் கேட்டால் ஃபிரேம் கிடைக்கும்.

இதன் பலம், மூளை போனில் இருப்பது. கார்ப்ளே 2014-இல் அறிவிக்கப்பட்டது, ஆண்ட்ராய்டு ஆட்டோ அடுத்த ஆண்டே கார்களுக்கு வந்தது. அன்று வாங்கிய திரையில்கூட இன்றைய மேப் ஓடுகிறது என்றால் காரணம் அதுதான்: போன் புதிதானால் காரும் புதிதாகிறது. வாங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த சில மாடல்களில் கார்ப்ளே மட்டும் இருக்கும், ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்காது. பெட்டியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

மாட்டும் வேலை மூன்றிலும் இதில்தான் அதிகம். பேசுவதற்கான மைக்கைத் தனியாக ஸ்டீயரிங் பக்கமோ கண்ணாடித் தூணிலோ ஒட்டி, ஒயரை ரப்பர் பீடிங்குக்குள் சொருகி இறக்க வேண்டும். யுஎஸ்பி கேபிளை கிளவ் பாக்ஸுக்கு எடுத்துப் போக வேண்டும். ரிவர்ஸ் கேமராவுக்கான ஒயர் பின் விளக்கு வரை போகும். அப்புறம் ஹேண்ட்பிரேக் ஒயர். வண்டி ஓடும்போது வீடியோ ஓடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. ஹேண்ட்பிரேக் எப்போதும் போட்டிருப்பதாகக் காட்டும்படி, பல கடைகளில் அதை எர்த்தில் (காரின் பாடியில்) முறுக்கிவிட்டு "எல்லாம் ஓகே சார்" என்பார்கள். நாமே மாட்டும்போது அதைச் செய்ய வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஹேண்ட்பிரேக் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு பெட்டி

மாட்டுவதற்கு இதுதான் மிகச் சுலபம். காரின் பெயரும் வருடமும் சொன்னால் அதற்கென்றே வார்த்த ஃபிரேமும், நேராகச் சொருகும் கப்ளரும் சேர்ந்தே வரும். ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். பெரிய திரைக்குப் பின்னால் பெட்டி மெலிசு, இடமும் தாராளம். ஒரு ஞாயிறு காலையில் முடிந்துவிடும். விலையும் கம்பெனித் திரையைவிடக் குறைவு.

தொல்லை மாட்டிய பிறகு தொடங்கும். முழுதாக அணைத்துப் போட்டால் திரும்ப எழுந்திருக்க அரை நிமிடம்கூட எடுக்கும். அதை மறைக்க, சாவியை எடுத்த பிறகும் இது தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் ஒயர் வழியாக பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சின்ன கார்களில் பரவலாக இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பெட்டி 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் 175 மணி நேரத்தில், அதாவது ஏழு நாளில், பேட்டரி காலி. ஸ்டார்ட்டர் அதற்கு முன்பே முனக ஆரம்பித்துவிடும். தினமும் ஆபீஸுக்கு ஓடும் காருக்கு இது தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் காருக்குத் திங்கள்கிழமைதோறும் தள்ள ஆள் தேட வேண்டியதுதான்.

இதைச் சோதிக்க 10 ஆம்பியர் துளை உள்ள சாதாரண மல்டிமீட்டர் போதும். சிவப்பு புரோபை அந்தத் துளையில் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரைப் பிடியுங்கள். கதவுகளை மூடி, கால் மணி நேரம் காத்திருந்து எண்ணைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்துங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் பியூஸோ மீட்டரேயோ போய்விடும்.

இன்னொன்று, அட்டையில் போட்டிருக்கும் ரேமும் ஆண்ட்ராய்டு வெர்ஷனும். செட்டிங்கில் தெரியும் எண்ணையே மாற்றி எழுதி விற்கும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. சிப் எது என்று கேளுங்கள். யூனிசாக் 7862 என்றால் ஓரளவு வேகம். ஆல்வின்னர் டி3 என்றால் மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓடினால் திணறும்.

ஒயரைச் சேர்ப்பது

கப்ளர் கூடவே வரும் ஆண்ட்ராய்டு பெட்டியைத் தவிர மற்ற இரண்டில் எதை வாங்கினாலும் கடைசியில் வேலை இங்கேதான் நிற்கிறது. முறுக்கி டேப் சுற்றுவது, சாலிடர் வைப்பது, கப்ளர் அடாப்டர் போடுவது என்று வழி மூன்று. டேப்பின் பசை மே மாத வெயிலில் இளகி வழுக்கிக் கழன்றுவிடும், பின்னால் ஒயரும் ஒயரும் உரசும். சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டால் உறுதி, ஆனால் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சாலிடர் வைப்பது லேசில்லை. அடாப்டர் சில நூறு ரூபாய்தான். மேஜையில் உட்கார்ந்து ஸ்டீரியோ ஒயரையும் அடாப்டர் ஒயரையும் நிதானமாகச் சாலிடர் செய்துகொண்டு, காரில் வெறுமனே சொருகினால் போதும். நான் வேறெதையும் சொல்ல மாட்டேன்.

ஸ்டீரியோ பக்கத்து நிறங்கள் பெரும்பாலும் மாறாது: மஞ்சள் பேட்டரி, சிவப்பு ஏசிசி (சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது), கறுப்பு எர்த். கார் பக்கத்து நிறத்தை நம்பக் கூடாது, மீட்டர் வைத்துப் பாருங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு, ஏசிசியில் வைத்தால்தான் காட்டுவது சிவப்புக்கு. ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக் கார்களில் இந்த இரண்டும் இடம் மாறி வரும். சாவி எடுக்கும்போதெல்லாம் வைத்த ஸ்டேஷன் அழிகிறது என்றால் அதுதான் காரணம், இரண்டையும் மாற்றிச் சொருகினால் சரியாகிவிடும்.

ஸ்பீக்கர் ஒயர் எது என்று தெரியாவிட்டால் ஒரு ஏஏ பேட்டரியை ஒயர் முனைகளில் லேசாகத் தொட்டு எடுங்கள். கதவில் 'பட்' என்று சத்தம் வரும். கோன் (ஸ்பீக்கரின் நடுவில் அதிரும் கூம்பு) வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர் பிளஸ். ஸ்பீக்கரின் மைனஸை மட்டும் காரின் பாடியில் சேர்த்துவிடக் கூடாது. ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சிப் அதைத் தாங்காது.

எனக்கென்றால்

வாரம் ஒருமுறை எடுக்கும் பழைய காருக்கு சிங்கிள் டின்னும் நல்ல ஒரு ஜோடி முன் ஸ்பீக்கரும். தினமும் ஓடும் காருக்குக் கம்பெனித் திரை. பணம் இடித்தால் இன்னும் இரண்டு மாதம் சேர்த்து வைத்தாவது அதுவே. ஆண்ட்ராய்டு பெட்டி, பெரிய திரையில் ரிவர்ஸ் கேமரா பார்த்தே ஆக வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு. அவர்களும் மாட்டிய பிறகு மேலே சொன்ன மீட்டர் சோதனையைச் செய்துவிடட்டும்.

எதை மாட்டினாலும் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பொருத்தித் தராத மின் சாதனத்துக்கு இன்ஷூரன்ஸ் தானாக வராது. புதுப்பிக்கும்போது ஐஎம்டி 24 என்ற இணைப்பில் அதன் மதிப்பைச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.